தாசில்தாரின் பின்னங்கால்

முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் எனக்கு ஒரே ஒரு மெமோதான் வந்தது. அரசாங்கச் சொத்தான ஒரு கண்ணாடி பாட்டிலைக் கவனக்குறைவாக உடைத்ததற்காக. உடைத்தது உண்மை. கவனக்குறைவு என்பதுதான் பொய். அத்தனை கவனமாக நான் வேறு எந்தக் காரியத்தையும் செய்ததில்லை.

போன மாதம் செகந்திராபாத் சைனிக்புரியில் நாய் பூனைகளுக்கென்று ஒரு புது கிளினிக் திறந்தார்கள். கால்நடைத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவன் என்று என்னையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அங்கே புண் கழுவும் லோஷன் சின்னச் சின்னப் பொட்டலமாக வருகிறது. ஒரு நாய்க்கு ஒரு பொட்டலம். கிழித்து ஊற்றி, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு இளம் பெண் டாக்டர், தமிழ்க் குடும்பம்தான், ஆனால் ஹிந்தியிலும் இங்கிலீஷிலுமாகக் கேட்டார்: “அங்கிள், இதெல்லாம் இல்லாத காலத்தில் நீங்கள் புண்ணை எப்படி ஆற்றினீர்கள்?”

“ஆற்றினோம்மா” என்று சொல்லிவிட்டுச் சமோசாவைக் கடித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் தொண்டையில் நின்றது. சமோசா இல்லை, பதில்தான்.

நான் டாக்டர் இல்லை. கம்பவுண்டர். என் தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வேலூரிலிருந்து செகந்திராபாத் வந்தவர். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். ஆனால் இந்த ஊர் உருதுவின் ‘நக்கோ’வும் (வேண்டாம்) ‘கைக்கு’வும் (ஏன்) இல்லாமல் எங்களால் ஒரு சண்டைகூடப் போட முடியாது. பயிற்சி ஒரு வருஷம். மருந்தை நிறுக்கவும், கலக்கவும், டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். எருமை எந்தப் பக்கம் உதைக்கும் என்பதை எருமையே நேரில் நடத்திக் காட்டியது. அத்தோடு படிப்பு முடிந்தது. செகந்திராபாத் பக்கம் ஒரு கால்நடை மருத்துவமனையில் வேலை கிடைத்தது. எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் ராவ். எப்போதும் இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு. கெட்டிக்காரர், அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. எந்தப் புண் வந்தாலும் அவர் முதலில் பார்க்கமாட்டார், முகர்வார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து மூக்கைப் புண்ணுக்கு நான்கு விரல்கடை தூரத்தில் நிறுத்துவார். இரண்டு மூச்சு. பிறகுதான் கண்ணாடி, பிறகுதான் கை. வாசனையை வைத்தே புண் எத்தனை நாள் பழசு, உள்ளே சதை செத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். டோங்கா என்கிற குதிரைவண்டி ஓட்டுகிறவர்கள் அவரை ‘நாக்வாலே டாக்டர் சாப்’ என்பார்கள். மூக்குக்கார டாக்டர்.

அவருடைய இன்னொரு பழக்கம் அந்த பாட்டில். டிரெஸ்ஸிங் அறை அலமாரியில் வெள்ளைக்காரன் காலத்து பாட்டில் ஒன்று இருந்தது. ஒரு குடம் பிடிக்கும். அகலத் தோள், மேலே முஷ்டி பெரிசில் ஒரு தக்கை. செட்ரிமைடு என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து, புண் கழுவும் லோஷனாக அதில் வைத்திருப்போம். எப்போதோ ஒரு ஆய்வின்போது மேலதிகாரி வந்து பார்த்தபோது அது காலியாக இருந்ததாம். எல்லார் முன்னாலும் டாக்டரைக் கேட்ட கேள்வியை அவர் சாகும்வரை மறக்கவில்லை. அதற்கப்புறம் போட்ட சட்டம்: பாட்டில் தோளுக்குக் கீழே இறங்கக் கூடாது. தினம் காலை எட்டரைக்கு உள்ளே வந்ததும் விரல் முட்டியால் அதை ஒரு தட்டு தட்டுவார். நிறைந்த பாட்டில் ‘தொக்’ என்னும். குறைந்தால் ‘டங்’ என்னும். டங் என்றால் அன்றைக்கு என் பாடு திண்டாட்டம்.

டங் என்று சொல்ல நான் விட்டதே இல்லை. தினமும் காலையில் வந்ததும் முதல் வேலை, முந்தின நாள் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு புது லோஷன் கலந்து மேலே ஊற்றுவது. இரண்டு வருஷம் அந்த பாட்டில் ஒரு நாள்கூடக் காலியாகவில்லை. இதற்காக ஒரு ஆய்வில் ‘பணியில் ஒழுங்கு பாராட்டத்தக்கது’ என்று என் பணிப் பதிவேட்டில் எழுதினார்கள். அந்தப் பக்கத்தை மனைவியிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

இந்த லட்சணத்தில்தான் தாசில்தார் வந்து சேர்ந்தான்.

நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்த சுடலைமுத்து, மௌலா அலி மலைக்குக் கீழே ஒண்டுக்குடித்தனம். சாத்தூர்ப் பக்கத்துக்காரன். மற்றவர்கள் ஊரிலிருந்து வரும்போது அரிசியும் அப்பளமும் கட்டிக்கொண்டு வருவார்கள். இவன் ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தவன். அது வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பாறைக்காட்டில் முயல் துரத்தியது. ஒரு ஞாயிறு, முயல் போன வழியில் அதுவும் போய், சுடலை வேலை பார்த்த அதே தொழிற்சாலை புதிதாகப் போட்டிருந்த முள்கம்பி வேலியில் பின்னங்காலைக் கிழித்துக்கொண்டது. முட்டிக்கு மேலே ஆள்காட்டி விரல் நீளத்துக்குக் கிழிசல்.

ரிஜிஸ்டரில் எழுதும்போதே சிக்கல்.

“பேரு?” என்றேன்.

“சுடலைமுத்து.”

“நாய் பேரு.”

“தாசில்தாரு.”

டாக்டர் நிமிர்ந்தார். அவருக்குத் தமிழ் பாதி புரியும். “ஏமய்யா, என்ன பெயர் இது? அரசாங்க ரிஜிஸ்டரில் இதை எப்படி எழுதுவது?”

“கூப்பிட்டா வராதுய்யா. அதுவா நெனச்சாத்தான் வரும். அதான் அந்தப் பேரு வச்சேன்” என்றான் சுடலை. டாக்டர் சிரிக்கவில்லை. ‘டி’ என்று ஒற்றை எழுத்தைப் போடச் சொன்னார்.

தையல் போட்டோம். நாலாம் நாள் தையல் விட்டு, உள்ளே சீழ் கட்டியிருந்தது. அதுவரை சாதாரணம். அன்றிலிருந்து தினம் டிரெஸ்ஸிங். அதை நான் செய்த விதத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் ஒரு குறைகூட யாரும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் வாய்க்கட்டு. துணிப்பட்டையால் மூக்குக்கு மேலே ஒரு முடிச்சு, தாடைக்குக் கீழே ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. பிறகு இடுக்கியில் பஞ்சு, பஞ்சில் லோஷன், புண்ணின் நடுவிலிருந்து வெளியே ஒரே ஒரு துடைப்பு, அந்தப் பஞ்சை எறிந்துவிட்டு அடுத்தது. ஊசியில்லாத சிரிஞ்சில் லோஷனை ஏற்றி, தோலுக்கடியில் பை மாதிரி இருக்கும் இடத்தில் பீய்ச்சி, தெளிவாக வரும்வரை கழுவுவது. கடைசியில் லோஷனில் நனைத்த காஸ் துணியை உள்ளே திணித்துக் கட்டு. டாக்டர் பக்கத்தில் நின்று பார்ப்பார். “குட். இன்னொரு சிரிஞ்ச்” என்பார்.

சீழ் வெள்ளையிலிருந்து பச்சைக்கு மாறியது. பென்சிலின் போட்டார். ஸ்ட்ரெப்டோமைசின் போட்டார். வேறு இரண்டு மாத்திரைகளும் போட்டுப் பார்த்தார். எதற்கும் மசியவில்லை. சீழைச் சோதனைக்கு அனுப்பினோம். பச்சைச் சீழ் உண்டாக்கும் ஒரு கிருமி, இருக்கிற மருந்து எதற்கும் அடங்காது என்று சாவகாசமாகப் பதில் வந்தது. டாக்டர் முகர்ந்து பார்த்து, “திராட்சை வாசனை” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அழுகப்போகிற திராட்சைக் கூடையில் முகம் வைத்தாற்போல. ஆனால் அது பங்குனி மாதம். ஊரெங்கும் தள்ளுவண்டியில் அனாபெ ஷாஹி திராட்சை, எங்கள் வாசலிலேயே இரண்டு வண்டி. டிரெஸ்ஸிங் அறையில் சதா வீசிய அந்த வாசனையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஒரு விசித்திரம் மட்டும் இருந்தது. திங்கட்கிழமைகளில் புண் நன்றாக இருக்கும். ஞாயிறு டிரெஸ்ஸிங் கிடையாது, அவசரக் கேஸ் மட்டும்தான். அன்றைக்குச் சுடலை வீட்டிலேயே கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டுவான். திங்கள் காலை பிரித்தால் ஓரமெல்லாம் ரோஜா நிறம். சனிக்கிழமைக்குள் மறுபடி பச்சை. டாக்டர் இதைக் கவனிக்காமல் இல்லை. “சனிக்கிழமை போடும் ஊசி இரண்டு நாள் கழித்து வேலை செய்கிறது” என்று முடிவு கட்டி, சனிக்கிழமை ஊசியை இரட்டிப்பாக்கினார். வாரநாட்களில் புண் கெடுவதற்குச் சுடலையைப் பிடித்தார்.

“நாயை நக்க விடுகிறாயா? மஞ்சள், மண், சாணி ஏதாவது பூசுகிறாயா?”

“இல்லய்யா. எங்க குலசாமி மேல சத்தியமா ஒண்ணும் பூசல.”

நானும் சேர்ந்துகொண்டேன். “சச் போல் சுடல, உண்மயச் சொல்லு, கைக்கு மறைக்கிற? நீ ஏதோ பண்ணாம இப்படி ஆவாது.”

அவன் என்னைப் பார்த்தான். “அண்ணாச்சி, ஷிப்டு மாத்திக்கிட்டு, சைக்கிள் கேரியர்ல பெட்டி கட்டி, தெனம் இத மௌலா அலியிலேருந்து மிதிச்சிக் கொண்டாரேன். நானா கெடுப்பேன்?” என்றான். எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை. இப்போது வருகிறது.

நாய்க்கு மட்டும் யார் மேல் சந்தேகம் என்பதில் குழப்பமே இல்லை. ஊசி குத்தும் டாக்டரிடம் வாலைக்கூட ஆட்டும். நான் சிரிஞ்சில் லோஷனை ஏற்றிக்கொண்டு கிட்டே போனால், வாய்க்கட்டுக்குள்ளிருந்தே அடித்தொண்டையில் உறுமும். “அண்ணாச்சியக் கண்டா மட்டும் ஏன் இப்படிப் பண்ணுது?” என்று சுடலை சங்கடப்படுவான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான்.

சித்திரை முடியும்போது கால் வீங்கி, தசை கரைந்து, நாய் எலும்பும் தோலுமாகிவிட்டது. டாக்டர் ஒரு சனிக்கிழமை சுடலையை உட்காரவைத்துச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். காய்ச்சல் வருகிறது, விஷம் மேலே ஏறுவதற்குள் காலை எடுத்துவிடவேண்டும், வருகிற வியாழக்கிழமை.

சுடலை தன் காக்கிச் சட்டைப் பொத்தானைத் திருகினான். “எத்தன காலு இருக்கும்?” என்று கேட்டான், அவனுக்கு எண்ணத் தெரியாதது போல.

“மூணு.”

“மூணு காலோட அது உக்காந்து மலையப் பாத்துக்கிட்டே கெடக்கும் அண்ணாச்சி. ஓடப் பொறந்தது. அப்படி வச்சிருக்க எனக்கு மனசு வராது. வியாழக்கெழம கால எடுக்க வேணாம், ஒரேயடியா ஊசியப் போட்டுருங்கன்னு அய்யாகிட்ட சொல்லுங்க.” சொல்லிவிட்டு நாயைப் பெட்டியில் தூக்கி வைத்தான். அவன் போன பிறகுதான் நான் அதை டாக்டருக்கு மொழிபெயர்த்தேன். அவர் கை கழுவப் போனார்.

மறுநாள் ஞாயிறு. வீட்டில் ஆவக்காய் போட்டுக்கொண்டிருந்தாள் சரோஜா, என் மனைவி. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாளிடம் கற்றுக்கொண்டது. ஜாடியின் அடியில் போன வருஷத்து ஊறுகாய் நாலு விரல்கடை இருந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று, புதுசை எடுத்து அதன் தலையில் கொட்டப் போனேன்.

“அரே, நக்கோ நக்கோ!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். “பழசு மேல கைக்குப் போடறீங்க? அடியில பூசணம் இருந்தா இந்த வருஷத்துதும் போச்சு. ஜாடியக் காலி பண்ணி, கழுவி, வெயில்ல காய வச்சித்தான் புதுசு போடணும். இதுகூடவா தெரியாது? தினம் மருந்து கலக்கற ஆளு!”

கரண்டியோடு அப்படியே நின்றேன். காலி பண்ணி, கழுவி. இரண்டு வருஷம். ஒரு நாள்கூட.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே மருத்துவமனைக்குப் போய் தக்கையைப் பிடுங்கினேன். அடிப்பக்கம் வழவழவென்று பச்சைப் பிசுக்கு. மூக்கில் வைத்தேன். திராட்சை. வைகாசி பிறந்துவிட்டது, ஊரில் ஒரு திராட்சை வண்டி கிடையாது, மாம்பழ வண்டிதான். லோஷன் கிருமியைக் கொல்லும் என்று நாங்கள் நம்பினோம். கிருமியோ அதிலேயே குடித்தனம் போட்டு, நான் தினம் ஊற்றும் புதுசைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாள் அதை அள்ளி, சிரிஞ்சில் ஏற்றி, அந்த நாயின் காலுக்குள் என் கையாலேயே பீய்ச்சியிருக்கிறேன். ஏழாம் நாள் விட்டுவைத்ததால்தான் அது உயிரோடு இருந்தது.

நாய் மட்டுமா? தோளில் சேணப்புண்ணோடு வந்த ஒரு டோங்கா குதிரை நினைவுக்கு வந்தது. ஆறவேயில்லை என்று அதை விற்றுவிட்டார்கள். யாரிடம், எதற்கு விற்றார்கள் என்று கேட்கவேண்டியதில்லை. இன்றைக்கும் அந்தக் குதிரையை நினைத்தால் சோறு இறங்காது.

எட்டரைக்கு டாக்டர் வந்தார். தட்டினார். தொக்.

“சார், அந்த லோஷன்...” என்றேன்.

“குறைந்துவிட்டதா?”

“இல்லை சார். நிறைய இருக்கிறது.”

“பின்னே என்ன?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, வாய் இல்லை. அப்போது நான் தற்காலிக ஊழியன். நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேஜையில் இருந்தது. ‘உங்கள் சட்டம்தான் நாயைக் கொல்கிறது, நிறைவேற்றியவன் நான்’ என்று சொல்லத் தைரியம் இல்லை. பாட்டிலைக் கொட்டிக் கழுவலாம் என்றால், ஒரு குடம் நிறையப் புதுசு கலக்க அலமாரியில் மருந்து கிடையாது; டங் என்னும், ஏன் என்று கேட்பார். மறுபடி அதே இடம்தான். அதனால் “ஒன்றுமில்லை சார்” என்றேன்.

பிறகு பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து, கழுவும் தொட்டி வரை கொண்டுபோய், அதன் சிமென்ட் விளிம்புக்கு மேலே நேராகப் பிடித்து, கையை விட்டேன்.

சத்தம் கேட்டு டாக்டர் ஓடி வந்தார். அறை முழுக்கக் கண்ணாடியும் நுரையும். அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் தரையைப் பார்த்தார். அந்த ஈரத்தில் தக்கை மட்டும் உடையாமல் அவர் பூட்ஸ் பக்கம் உருண்டு கிடந்தது. குனிந்து எடுத்தார். பழக்கதோஷம், கண்ணாடியைக் கழற்றினார், மூக்குக்கு நான்கு விரல்கடை தூரத்தில் பிடித்தார். இரண்டு மூச்சு. பிறகு மூன்றாவதாக இன்னொரு மூச்சு.

அவர் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கக் கூடாது. ஒரு நிமிஷத்தில் பத்து வயது கூடிவிட்டது. தக்கையைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“வியாழக்கிழமை ஆபரேஷனும் வேண்டாம், அவன் கேட்ட ஊசியும் வேண்டாம்” என்றார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. “வெந்நீர் கொதிக்க வை. பேக்கரியில் வினிகர் கிடைக்கும், வாங்கி வா. இனி அந்த நாய்க்கு அதுதான்.”

மறுநாள் என் மேஜையில் இரண்டு காகிதம். ஒன்று, கவனக்குறைவாகப் பாட்டிலை உடைத்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ. இன்னொன்று சுற்றறிக்கை: இனி லோஷன் தினம் காலையில் புதிதாகக் கலக்கப்படவேண்டும், மாலையில் மிச்சத்தைக் கொட்டி, புட்டியைக் கொதிக்கவைத்துக் கவிழ்க்கவேண்டும். காரணம் எதுவும் குறிப்பிடவில்லை. இரண்டிலும் ஒரே தேதி, ஒரே பேனா. நான் மெமோவுக்கு ‘கை வழுக்கிவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் ஏற்றுக்கொண்டார். அவர் ஓய்வு பெறும்வரை நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டிலை நிறைத்து வைத்ததற்குப் பாராட்டும், உடைத்ததற்குக் கண்டனமும் என் பதிவேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இன்னும் இருக்கும்.

வினிகர் கலந்த வெந்நீரில் ஒரு வாரம் கழுவியதில் பச்சை போனது. இரண்டாம் வாரம் சீழ் நின்றது. ஆனி முடிவதற்குள் புண் மூடி, தழும்பின் மேல் மயிர்கூட முளைத்தது. ‘அடங்காத புண்ணுக்கு எளிய வினிகர் முறை’ என்று டாக்டர் துறைப் பத்திரிகையில் எழுதினார். அதில் பாட்டில் கிடையாது.

தீபாவளி கழிந்து சுடலை மருத்துவமனைக்கு வந்தான். ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தான், கையில் சாத்தூர் காராச்சேவு. தாசில்தார் சைக்கிள் பெட்டியில் இல்லை. மௌலா அலியிலிருந்து சைக்கிளுக்கு முன்னால் ஓடியே வந்திருந்தான். நாலு காலும் தரையில் நிற்கவில்லை. டாக்டரின் காலடியில் போய் வாலை ஆட்டினான். சுடலை காராச்சேவுப் பொட்டலத்தை என் கையில் வைத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டான்.

“தெனம் பெத்த புள்ளைக்குச் செய்யற மாதிரி கழுவி விட்டீங்களே, அண்ணாச்சி. நீங்க இல்லேன்னா இன்னிக்கி இது இல்ல” என்றான். கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் தாசில்தார் திரும்பி என்னைப் பார்த்தான். காதைப் பின்னால் மடக்கி, பல்லைக் காட்டி, அதே அடித்தொண்டை உறுமல்.

சுடலைக்கு அவமானம் தாங்கவில்லை. “கால காப்பாத்துன கையப் பாத்தா உறுமுத? நன்றிகெட்ட செம்மம்!” என்று செருப்பைக் கழற்றி ஓங்கினான்.

நான் குறுக்கே பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன். “நக்கோ சுடல, அடிக்காத. அது மேல ஒரு தப்பும் இல்ல” என்றேன். மீதியையும் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வாய் அத்தோடு மூடிவிட்டது.

தன்னைப் பார்த்து உறுமிய நாயைக்கூட அடிக்கவிடாத என்னுடைய அந்தப் பெரிய மனசைப் பற்றிச் சுடலை மௌலா அலி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.